கலைக்கு ஒரு வீடு

ஒரு கலை நெடுங்காலம் வாழ வேண்டுமானால் அதற்கு மூன்று வேண்டும். கற்பிக்க ஒருவர், கற்கச் சிலர், அவர்கள் கூடுவதற்கு ஓரிடம். முதலிரண்டும் தாமாகவே அமைந்துவிடக் கூடும். மூன்றாவதைப் பொருள் திரட்டித்தான் அமைக்க வேண்டும். அவ்வாறு தமிழ் நாட்டில் எழுந்த இரண்டு இடங்களையும், நம் மலைத் தோட்டங்களில் எழாமற்போன ஓரிடத்தையும் இங்கு நோக்குவோம்.

முதலாவது திருவையாறு. தியாகராஜ சுவாமிகள் 1847இல் சித்தியடைந்தபின், காவிரிக்கரையிலுள்ள அவரது சமாதி காலப்போக்கில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. இதனை அறிந்து மனம் வருந்திய சங்கீத விதூஷி பெங்களூர் நாகரத்தினம்மாள் தமது சொந்தப் பொருளைச் செலவிட்டு அங்கே ஆலயம் எழுப்ப முற்பட்டார். 1921இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1925 ஜனவரியில் கும்பாபிஷேகம் நிறைவேறியது. கச்சேரியாலும் கதாகாலட்சேபத்தாலும் கிடைத்த வருவாயை அவர் இப்பணிக்கே ஈந்தார். ஆயினும், ஆராதனை வைபவத்தில் பெண்கள் பாடுவதற்கு அக்காலத்தில் இடமில்லை. இடத்தைக் கட்டியவருக்கே பாட உரிமையில்லை! அம்மையார் மனந்தளரவில்லை. 1927இல் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தலானார். பிரிந்து நின்ற கோஷ்டிகள் யாவும் 1941இல் ஒன்றுபட்டன. அதன்பின் ஆடவரும் பெண்டிரும் அங்கே பாடி வருகின்றனர்.

இரண்டாவது எட்டயபுரம். மகாகவி பாரதியார் 1882இல் பிறந்த ஊர் அது. அவர் பெயரால் அங்கு ஒரு ஞாபகச் சின்னம் வேண்டுமென்று கல்கி அவர்கள் தமது பத்திரிகையில் எழுதி நிதி கோரினார். தனவந்தர் மட்டுமன்றிச் சாதாரண வாசகர்களும் தங்கள் சக்திக்கேற்ப அனுப்பினர். காந்தியடிகள் தமிழிலேயே ஆசி எழுதி அளித்தார். 1945இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில் அவரே மணிமண்டபத்தைத் திறந்து வைத்தார். திருவையாற்றில் ஒருவர் தம்மிடமிருந்தது அனைத்தையும் ஈந்தார்; எட்டயபுரத்தில் அநேகர் தம்மால் இயன்ற சிறு தொகையை ஈந்தனர். வழி வேறாயினும் பயன் ஒன்றே.

இனி நம் மலைகளுக்கு வருவோம். தேயிலையையும் ரப்பரையும் நம்பி வந்த நம் முன்னோர் வெறுங்கையோடு வந்தனரெனினும், காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துக்களை நெஞ்சிற் சுமந்து வந்தனர். பகலிற் கொழுந்து பறித்தவரும் பால் வெட்டியவரும் இரவில் ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் பூண்டனர். மாசி மாதத்திலே தப்பொலி கேட்டால் லயம் முழுதும் திரண்டுவிடும். இதற்கு வேண்டிய செலவை ஈந்தவர் யார்? ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் சொற்பச் சம்பளத்திலிருந்து கொடுத்ததும், அரிசியாகவும் எண்ணெயாகவும் அளந்ததுமே அந்த நிதி. கொடுக்கும் குணத்தில் நம்மவர் எவருக்கும் குறைந்தவரல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் ஒரு குறை இருந்தது. கூத்து நடந்த பொட்டலும் குடியிருந்த லயமும் தோட்டத்துக்குச் சொந்தமானவை. கொட்டகை கட்டிக்கொள்ளத் தமக்கென ஒரு சாண் நிலமும் அவர்களுக்கு இல்லை. ஆகவே கலை முழுவதும் வாத்தியாரின் நினைவிலும் தப்படிப்போரின் கையிலுமே தங்கியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்றவர்களும் பலர். வாத்தியார் கப்பலேறியபோது பாட்டும் கப்பலேறியது. அடவு தெரிந்தவர் வன்னிக்குப் போனபோது அடவும் உடன்போயிற்று. எழுதிவைத்த ஏடும், வேடப்பொருள்களைக் காத்துவைக்கும் ஓர் அறையும் இருந்திருந்தால், மனிதர் போயினும் கலையின் ஒரு பகுதியேனும் நம்மிடம் நின்றிருக்கும்.

ஆதலின், நிவித்திகலப் பகுதியில் கலைக்கென ஒரு சிறு மண்டபமேனும் வேண்டுமென எண்ணும் வாலிபர்கள் மூன்று பாடங்களை நெஞ்சிற் கொள்வார்களாக. முதலாவது, பெருந்தொகை தரும் ஒருவரை எதிர்பார்த்துக் காலம் கழிக்க வேண்டாம்; மாதந்தோறும் வீட்டுக்கொரு சிறு தொகை போதும். கொடுத்த ஒவ்வொருவரும் அதனைத் தம் மண்டபம் என்பர். வரவு செலவுக் கணக்கை யாவரும் காணக் கோவிற் சுவரில் ஒட்டுக. ஐயம் புகுந்தால் நிதி வற்றிவிடும். இரண்டாவது, கூரை வேய்ந்ததும் வேலை முடிந்ததென எண்ணற்க. விளக்குக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்குக. மூன்றாவது, பெண்களுக்கும் அதில் சம இடம் இருத்தல் வேண்டும். நாகரத்தினம்மாள் பதினாறாண்டு காத்திருந்தது போல நம் சகோதரிகளும் காத்திருக்க நேரக் கூடாது.

மண்டபம் எழும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. நம் தோட்டங்களில் காமன் பாட்டு அறிந்த முதியோர் சிலர் இன்னமும் உளர். அவர்களை அணுகிப் பாட்டுக்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்பதற்கு நிதி தேவையில்லை. பெரியோர்களே, நீங்கள் பாடுங்கள். வாலிபர்களே, நீங்கள் எழுதுங்கள். நாளை எழும் கலைமண்டபத்துக்கு அந்தக் கொப்பியே முதல் நன்கொடையாகட்டும்.