மலைப் பனியைப் பார்த்து மழை சொன்ன கதை



தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டன் பூட்டன் காலத்துப் பேச்சு ஒண்ணு கேட்டிருப்பீங்க. 1876-ல் வந்தது. அந்த வருஷம் தென்மேற்குப் பருவமும் பொய்த்தது, ஐப்பசி கார்த்திகை மழையும் பொய்த்தது. 1878 வரைக்கும் பஞ்சம் விடவில்லை. சென்னையிலே பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, பிழைக்க வழியில்லாமல் வந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து அப்போது வெட்டினதுதான். நாடு முழுக்க மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இத்தனை உயிர் போன பிறகுதான், ‘வருகிற மழையை முன்கூட்டியே சொல்ல வழி உண்டா?’ என்ற கேள்வி அன்றைய சர்க்காருக்கு எழுந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஹென்றி பிளான்போர்டு என்பவர் தலையில் விழுந்தது. 1875-ல் இந்திய வானிலை இலாகா தொடங்கியபோது அதற்கு முதல் தலைவராக வந்தவர் அவர். ஆனால் அதற்கு முன்னே அவர் பார்த்த வேலை வேறே. நம்ம அரியலூர், ஊட்டத்தூர் பக்கத்துக் கல்லையும் மண்ணையும் ஆராய்ந்து எழுதினவர். அந்தப் பாறை அடுக்குகளுக்கு அவர் சூட்டிய நம்ம ஊர்ப் பெயர்கள் இன்னைக்கும் வழக்கில் இருக்கின்றன. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், பிறகு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவர் கண் போய் நின்ற இடம் இமயமலை. அங்கே பங்குனி, சித்திரை என்றால் நம்ம ஊர் மாதிரி நினைக்கக் கூடாது. அடிவாரச் சமவெளியில் வெயில் கொளுத்தும். மேலே ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி போலச் சூடு குறைந்துகொண்டே போகும். மேற்கே மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வருகிற காற்றுச் சுழல்கள் குளிர்காலம் முழுக்க அங்கே பனி கொட்டும். சில வருஷம் சித்திரை பிறந்த பிறகும் விடாது. தாழ்ந்த மலைகளில் அதுவே மழையாகவும் ஆலங்கட்டியாகவும் விழுந்து, ஆப்பிள் பூவை உதிர்த்துவிட்டுப் போகும்.

எங்கேயோ வடக்கே விழுகிற பனிக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான்.

தண்ணி கட்டின வயல் நடுப்பகலிலும் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பக்கத்துக் கட்டாந்தரையிலே கால் வைக்க முடியாது. வெயில் ரெண்டுக்கும் ஒண்ணுதான். மலையிலும் இதே கதைதான். புதுப்பனி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. விழுகிற வெயிலில் நூற்றில் எண்பது பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மிச்ச வெயிலும் பனியை உருக்கவும், உருகின ஈரத்தைக் காய வைக்கவுமே செலவாகிவிடும். தரை சூடேற நாளாகும். தரை சூடேறினால்தான் காற்று மேலே கிளம்பும். அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று ஓடிவரும். தென்மேற்குப் பருவக்காற்று வருகிற விதம் இதுதான். ஆகவே பனி கனத்து, நாள் தள்ளியும் விழுந்தால் பருவக்காற்று மெலியும் என்று பிளான்போர்டு கணித்தார். 1884-ல் இதைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார்.

எழுதியதோடு நிற்கவில்லை. 1882 முதல் 1885 வரை மலைப் பனியின் அளவைக் கேட்டு வாங்கி, சோதனையாக மழை சொல்லிப் பார்த்தார். ஓரளவு பலித்தது. 1886 ஜூன் 4-ந் தேதி முறைப்படியான முதல் முன்னறிவிப்பு வெளிவந்தது.

அடுத்து வந்தவர் ஜான் எலியட். பனியோடு வேறு சில விவரங்களும் சேர்த்துக்கொண்டு, 1899-ல் மழை நன்றாக இருக்கும் என்று சொன்னார். வந்ததோ கொடிய வறட்சி. ராஜஸ்தான், குஜராத் பக்கம் அதை ‘சப்பனியா’ பஞ்சம் என்பார்கள். அவர்கள் விக்கிரம வருஷக் கணக்கில் அது ஐம்பத்தாறாம் வருஷம். பிறகு கொஞ்ச காலம் முன்னறிவிப்பைச் சர்க்காருக்குள்ளேயே ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. தப்பாகப் போனால் ஏன் போச்சு என்றல்லவா சொல்ல வேண்டும்?

1904-ல் வந்த கில்பர்ட் வாக்கர் கணக்கில் புலி. மே மாதக் கடைசியில் இமயத்தில் கிடக்கிற பனியை அவரும் விடவில்லை. ஆனால் அதோடு தென் அமெரிக்காவிலும் மொரீஷியஸ் தீவிலும் காற்றின் அழுத்தம், சான்சிபார் தீவின் மழை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார். மழைக்கு வேர் ஒரு மலையில் மட்டும் இல்லை, சமுத்திரங்கள் முழுக்க ஓடுகிறது என்பது அவர் காலத்தில்தான் விளங்கத் தொடங்கியது. 1877-ல் பசிபிக் சமுத்திரம் வழக்கத்தை மீறிச் சூடேறியிருந்தது என்று இப்போது தெரிகிறது. எல் நினோ என்கிறார்களே, அதுதான். பிளான்போர்டுக்கு அது தெரிய வழியே இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல்லீங்க.

பனிக் கணக்கு அதோடு மறைந்துவிடவில்லை. 1976-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்த இருவர், ஆசியா ஐரோப்பாப் பக்கம் பனி அதிகமான வருஷங்களில் நம்ம பருவமழை குறைகிறது என்று எழுதினார்கள். 1988-ல் வானிலை இலாகா பதினாறு அடையாளங்களை வைத்து மழை சொல்லத் தொடங்கியபோது, இமயப் பனியும் அதில் ஒன்று. பல வருஷம் பலித்த அந்தக் கணக்கு 2002-ல் கவிழ்ந்தது. வழக்கமான மழை என்றார்கள். நூற்றுக்கு எண்பத்தொரு பங்குதான் பெய்தது. அப்புறம் முறையை மாற்றினார்கள்.

இப்போது ஏப்ரல் நடுவில் ஒரு முன்னறிவிப்பு, மே கடைசியில் இரண்டாவது. மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. டெல்டாக்காரர்கள் விதைநெல் மூட்டையைப் பிரிக்கிறதா, வேண்டாமா என்று யோசிக்கிற சமயத்தில் அந்த இரண்டாவது அறிவிப்பு வந்துவிடும். ஒன்று மட்டும் கவனிங்க. நாடு முழுக்க என்று அதில் சொல்கிற அளவு சராசரிதான். மேட்டூருக்குத் தண்ணீர் தருகிற குடகு மலையில் எத்தனை பெய்யும் என்பது அதில் இருக்காது. ஐப்பசி மழைக்கு வேறே கணக்கு, அதைச் சொல்கிற நாளும் வேறே.