ஏற்றலும் மாற்றலும்

1961 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஹாட்பேட் நகரிலுள்ள உளநோய் வைத்தியசாலையொன்றில் 17 வயதுப் பெண்ணொருத்தி சேர்க்கப்பட்டாள். அவள் துல்சா நகரிற் பிறந்தவள்; படிப்பிற் கெட்டிக்காரி; பியானோ வாசிப்பதில் தேர்ந்தவள். ஆயினும், தன் உடலைத் தானே வருத்திக்கொள்ளும் ஆவேசம் அவளைப் பற்றியிருந்தது. வைத்தியர்கள் அவளுக்கு மனப்பிளவு நோய் என்றனர், வலிய மருந்துகளைக் கொடுத்தனர், மின்னதிர்ச்சி அளித்தனர், தனியறையில் அடைத்தனர். எதுவும் பயன்தரவில்லை. 26 மாதங்களின் பின், 1963 மே மாதத்தில் அவள் வெளியேறினாள். அங்கிருந்த காலத்திற் பெரும்பகுதியும் மிகுந்த மனக்குழப்பமுற்ற நோயாளரில் ஒருத்தியாக அவள் இருந்தாள் என்றே வைத்தியசாலைக் குறிப்புக் கூறிற்று.

அந்த இருளிலேதான் அவள் ஒரு சபதஞ் செய்துகொண்டாள். தான் இந்த நரகத்தினின்று மீளவேண்டும். மீண்டபின் திரும்பிவந்து ஏனையோரையும் மீட்கவேண்டும் என்பதே அச்சபதம். அப்பெண்தான் பிற்காலத்தில் ‘இயங்கியல் நடத்தைச் சிகிச்சை’ என்னும் உளச் சிகிச்சையை வகுத்த மார்ஷா லினெகன் அம்மையார்.

அவர் சிக்காக்கோ நகருக்குச் சென்று, பகலில் எழுதுவினைஞராகத் தொழில் புரிந்து, இரவு வகுப்புகளிற் பயின்றார். 1967 இல் அந்நகர்ச் சிற்றாலயமொன்றிற் செபித்திருந்தபோது, தம்மைத் தாமே வெறுக்கும் மனம் மாறித் தம்மை நேசிக்கும் உணர்வு முதன்முறையாகத் தோன்றியதென அவர் பின்னர் கூறினார். 1971 இல் லொயோலா பல்கலைக்கழகத்தில் உளவியற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1977 இல் சியாற்றில் நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். தற்கொலைக்கு மீண்டும் மீண்டும் முயன்றவர்களை ஏற்கப் பல சிகிச்சையாளர் தயங்கிய காலம் அது. அம்மையாரோ அத்தகையோரையே தேடி ஏற்றார்.

முதலில் அவர் கையாண்டது, நடத்தையை மாற்றும் முறை. ‘இதை மாற்று, அதை மாற்று’ என்று கேட்ட நோயாளர், தம் வேதனையை எவரும் உணரவில்லையெனச் சினந்தனர். பின்பு, மாற்றத்தைக் கைவிட்டு, அவர்களை உள்ளவாறே ஏற்கும் முறையைக் கையாண்டார். அப்படியாயின் இத்துன்பத்துக்கு முடிவே இல்லையா என்று அவர்கள் கலங்கினர். தனித்து நின்ற இரண்டும் தோற்றன. இரண்டையும் ஒருங்கே பிடித்தபோதே வழி பிறந்தது. உள்ளவாறே உன்னை ஏற்கிறேன். ஆயினும் நீ மாறவேண்டும். முரணாகத் தோன்றும் இரு உண்மைகள் மோதிப் புதியதோர் உண்மைக்கு இடங்கொடுப்பதையே மெய்யியலார் இயங்கியல் என்பர். சிகிச்சையின் பெயர் அதனாலேயே அமைந்தது.

மாற்றும் கலையை அவர் உளவியலிற் கற்றார். ஏற்கும் கலையையோ சென் பௌத்தத்திற் கற்றார். தியானம் என்ற சொல்லே சீனத்திற் ‘சான்’ ஆகி, யப்பானிற் ‘சென்’ ஆயிற்று. இவ்வாறு கீழ்நாட்டுப் பழம்பயிற்சியொன்று மேல்நாட்டு வைத்தியத்துட் புகுந்தது.

இச்சிகிச்சையை நாடுவோர் எதிர்பார்க்கவேண்டியவை யாவை? முதலாவதாக, இது பெரிதும் ஒரு பாடசாலையைப் போன்றது. வழக்கமாக ஓராண்டு நடைபெறும். வாரம் ஒருமுறை தனியே சிகிச்சையாளரைச் சந்திக்கவேண்டும். வாரம் ஒருமுறை குழுவாக இருந்து பாடங் கற்கவேண்டும். வீட்டுவேலையும் உண்டு. நாள்தோறும் எழுந்த உணர்ச்சிகளையும் உந்துதல்களையும் ஓர் அட்டையிற் குறித்துவரவேண்டும். நெருக்கடி வேளையிற் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைத்து வழி கேட்கலாம். தீங்கு நேர்ந்தபின் அழைப்பதைவிட, நேருமுன் அழைப்பதே இதன் நோக்கம். சிகிச்சையாளரும் தனித்து நில்லாது, வாரந்தோறும் கூடி ஒருவர்க்கொருவர் துணையாவர்.

குழுவிற் கற்பிக்கப்படும் பாடங்கள் நான்கு. இக்கணத்தை விழிப்போடு நோக்கல், துன்பத்தைத் தாங்கல், உணர்ச்சியை ஒழுங்குசெய்தல், உறவையும் தன்மதிப்பையும் இழவாது வேண்டியதைக் கேட்டலும் வேண்டாததை மறுத்தலும். இவை முழுவதையும் கற்க ஏறத்தாழ 24 வாரங்கள் செல்லும். பின்பு அவையே மீண்டும் கற்பிக்கப்படும். பாடங்கள் எளியனவாகத் தோன்றும். காரணமற்ற அச்சம் விலகி ஓடச் சொல்லுமாயின் அதனை அணுகிச் செல்வதும், பொருந்தாச் சினம் தாக்கச் சொல்லுமாயின் மெல்ல விலகிச் செல்வதும் அவற்றுட் சில. நீந்துதல் போலவே, இவையும் அமைதியான வேளையிற் பழகியிருந்தாலன்றி வெள்ளம் வந்தபோது உதவா.

இரண்டாவதாக, பேச்சின் ஒழுங்கும் முன்னரே வகுக்கப்பட்டது. உயிருக்கு ஆபத்தானது முதலில். சிகிச்சைக்கு இடையூறானது அடுத்து. வாழ்வைக் கெடுக்கும் பிற இன்னல்கள் அதன் பின். ஒருவர் தம் பழங்கதை கூற விரும்பி வந்தாலும், அவ்வாரம் தமக்குத் தீங்கு செய்திருப்பாராயின், அது எப்படி நேர்ந்தது எனப் படிப்படியாக ஆராய்வதே முதற்பணி. இது சிலருக்குக் கசக்கும்.

மூன்றாவதாக, துயரம் உடனே நீங்குமென எண்ணலாகாது. 1991 இல் அம்மையார் வெளியிட்ட முதல் ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. ஓராண்டுச் சிகிச்சை பெற்றோர் தம்மை வருத்திக்கொள்வது குறைந்தது. வைத்தியசாலையிற் கழித்த நாட்களும் குறைந்தன. சிகிச்சையை இடையில் விட்டோரும் சிலரே. ஆனால் மனச்சோர்விலும் நம்பிக்கையின்மையிலும், வழமையான சிகிச்சை பெற்றோருக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முதலில் உயிர் காக்கப்படுகிறது. வாழத்தக்க வாழ்வு அதன்மேற் சிறிது சிறிதாகக் கட்டப்படுகிறது. 1993 இற் சிகிச்சை நூல்கள் வெளிவந்தன. 2006 இல் வெளியான ஆய்வில், அனுபவம் மிக்க பிற நிபுணரிடம் சிகிச்சை பெற்றோரைவிட, இச்சிகிச்சை பெற்றோரில் தற்கொலைக்கு முயன்றோர் ஏறத்தாழ அரைப்பங்கே எனக் காணப்பட்டது. முயன்றவர் ஒருவருமில்லை என்பதன்று. பலர் காக்கப்பட்டனர் என்பதே உண்மை.

நெடுங்காலம் அம்மையார் தம் கதையை வெளியிற் சொல்லவில்லை. ஒருநாள் நோயாளியொருத்தி, நீங்களும் எங்களில் ஒருவரோ, அப்படியானால் எங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை பிறக்கும் என்று கேட்டாள். 2011 யூன் மாதத்தில், முன்பு தாம் அடைக்கப்பட்டிருந்த அதே ஹாட்பேட் வைத்தியசாலைக்கே சென்று, கூடியிருந்தோர் முன்னிலையில் அவர் அதற்கு விடையளித்தார். ஐம்பது ஆண்டுகளின் முன் அங்கு நோயாளியாய் நுழைந்தவர், செய்த சபதத்தை நிறைவேற்றியவராய் அங்கே நின்றார்.