நாட்குறிப்பும் பொன்னும்

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியில் சமணர் மலை என்றொரு குன்று உண்டு. அங்குள்ள செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் திருமேனிகளுக்குக் கீழே சிறு சிறு வாசகங்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவை கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது அறிஞர் கருத்து. ஒரு திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி அடிகளின் தாயார் குணமதியார் என்று ஒரு கல் கூறுகிறது. செய்வித்தவர் பெயர் இருக்கிறது. ஆனால், அவர் மலையேறிய நாள் எது, அன்று மழை பெய்ததா, உளி பிடித்தவனுக்குக் கூலி எவ்வளவு என்பவற்றைக் கல் சொல்லவில்லை. அவ்வூர்க்காரனாகிய எனக்கு இக்குறை நெடுநாளாக உண்டு. கால்நடையாகவே நாடெங்கும் திரிந்த அத்துறவியருள் ஒருவரேனும் நாள்தோறும் நடந்ததை எழுதி வைத்திருக்கலாகாதா! இவ்வேக்கமே அயல்நாட்டுச் சமயத் தொண்டர் சிலருடைய நாட்குறிப்புகளின்பால் என்னைச் செலுத்தியது.

அவருள் ஒருவர் ஹென்றி பிக்ளர். 1815-இல் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் பிறந்த உழவர் மகன். ஜோசப் ஸ்மித் என்பார் 1830-இல் தோற்றுவித்த மார்மன் சமயத்தில் 1837-இல் சேர்ந்தவர். அச்சமயத்தாரை அண்டை அயலார் ஊர் ஊராக விரட்டினர். 1844-இல் ஸ்மித் கொல்லப்பட்டார். எஞ்சியோர் பிரிகாம் யங் என்பவரின் தலைமையில் மேற்கு நோக்கிப் பெயர்ந்து, 1847-இல் உப்பு ஏரிக்கரையில் குடியேறினர். இப்பெயர்ச்சிக்கிடையே, மெக்சிகோவுடன் நிகழ்ந்த போருக்காக அவர்களுள் ஏறக்குறைய ஐந்நூறு பேர் கொண்ட படையொன்று திரட்டப்பட்டது. அதில் சேர்ந்த பிக்ளர் பாலையைக் கடந்து கலிபோர்னியா வரை நடந்தார். படை கலைந்தபின், சட்டர் என்னும் நிலக்கிழாருக்காக ஆற்றங்கரையில் மரம் அறுக்கும் ஆலை கட்டும் வேலைக்கு அமர்ந்தார்.

ஒருநாள் அவ்வேலையின் மேற்பார்வையாளரான ஜேம்ஸ் மார்ஷல் ஆலையின் நீர் வெளியேறும் கால்வாயில் மஞ்சள் நிறத் துணுக்குகள் சிலவற்றைக் கண்டெடுத்தார். பிக்ளர் தம் குறிப்பேட்டில், பொன் போலத் தோன்றும் ஒருவகை உலோகம் இன்று கால்வாயில் அகப்பட்டது என்ற கருத்துப்பட ஒரு வரி எழுதினார். பொன் என்ற சொல்லைக்கூட அவர் பிழையின்றி எழுதவில்லை. உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் இலட்சக்கணக்கானோரைக் கலிபோர்னியாவுக்கு இழுத்த நிகழ்ச்சிக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவே. ஆயினும் அவ்வரிக்கு மேலே நாள் இருந்தது: 1848 ஜனவரி 24. பொன்னைக் கண்ட மார்ஷலோ பிற்காலத்தில் நினைவிலிருந்து கூறியபோது 18 என்றும் 19 என்றும் 20 என்றும் தடுமாறினார். அதே ஆலையில் வேலை செய்த அசாரியா ஸ்மித் என்ற இளைஞரின் குறிப்பேடும் அந்த வாரத்தையே சுட்டியது. ஆகவே, கண்டவரின் நினைவை விடுத்து, கூலியாட்களின் ஏடுகளை வரலாற்றாசிரியர் ஏற்றனர். இது நியாயமே. நினைவு முடிவை அறிந்துகொண்டு பின்னோக்கிப் பேசுவது. நாட்குறிப்போ நாளை நடப்பதை அறியாமல் எழுதப்படுவது.

அதன்பின் பிக்ளர் வேட்டைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் துப்பாக்கியோடு சென்று, பாறை இடுக்குகளில் பேனாக்கத்தியால் பொன்மணிகளைக் கெல்லி எடுத்த கதை சுவையானது. அதைவிட வியப்பு, 1848 கோடையில், ஊரெல்லாம் பொன்னை நோக்கி ஓடிவரும் வேளையில், அவரும் அவருடைய தோழர்களும் பொன்வயலை விட்டுவிட்டு மலை கடந்து தம்மவரிடம் திரும்பியது. வழி தேட முன்னே சென்ற தோழர் மூவர் வழியிலேயே கொலையுண்டனர். மறு ஆண்டு, சமயப் பெரியவர் ஒருவருக்காகப் பொன் தோண்டி வரும்படி பிக்ளர் மீண்டும் அனுப்பப்பட்டார். மனம் ஒவ்வாமலே அவர் போனார். அப்பணி ஓய்ந்ததும், 1850 டிசம்பரில், ஹவாய்த் தீவுகளில் சமயத் தொண்டராய் இறங்கினார்.

இத்தனைக்கும் நம் நாட்டுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. 1852 ஆகஸ்டில் உப்பு ஏரி நகரத்தில் கூடிய மாநாட்டில் உலகின் பல திசைகளுக்கும் தொண்டர்கள் நியமிக்கப்பட்டனர். இந்தியாவுக்கு ஒன்பது பேர். அவருள் ரிச்சர்ட் பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்து ரொட்டி சுடும் தொழில் கற்றவர். உப்பு ஏரி நகரில் 1849-இல் முதல் ஞாயிற்றுப் பள்ளியைத் தொடங்கியவர். இவரும் நாட்குறிப்பு எழுதியவரே. கையில் பணமின்றிப் புறப்பட்ட இவர்கள் சான்பிரான்சிஸ்கோவில் கப்பற் கூலிக்காக வீடு வீடாகக் கேட்டனர். கொடுத்தவருள் ஜான் ஹார்னர் ஒருவர். அவர் பொன் தோண்டிச் செல்வரானவரல்லர். தோண்ட வந்தவர்களுக்குக் காய்கறி பயிரிட்டு விற்றுப் பெருஞ்செல்வரானவர். பிக்ளர் ஒரு வரியில் குறித்த அந்தப் பொன்னின் சிறு பங்கு, இவ்வாறு சுற்றி வளைத்துச் சென்னைப் பட்டணம் வந்து சேர்ந்தது!

1853 ஜனவரியில் புறப்பட்ட கப்பல் ஏப்ரலில் கல்கத்தாவை அடைந்தது. பாலன்டைன், ஸ்கெல்டன், ஓவன்ஸ் ஆகிய மூவர் அங்கிருந்து அவ்வாண்டு ஜூலையில் சென்னைக்கு வந்தனர். தமிழ் அறியார்; ஆங்கிலம் அறிந்த சிலரிடமும் கோட்டைப் படைவீரரிடமுமே பேச முடிந்தது. சிறு நூல்கள் அச்சிட்டனர். 1854-இல் ஒரு மாத இதழும் நடத்தினர். ஆனால், பலதார மணத்தை அச்சமயம் வெளிப்படையாக அறிவித்தது இவர்களை அனுப்பிய அதே மாநாட்டில்தான். அச்செய்தி எதிர்ப்பை வளர்த்தது. பாலன்டைனை நோயும் வாட்டியது. சேர்ந்தவர் மிகச் சிலர். ஓராண்டில் அவர் கப்பலேறினார். ஸ்கெல்டன் 1856-இல் இந்தியாவை விட்டகன்றார்.

தோற்றுப்போன இம்முயற்சிக்குச் சென்னை நகர வரலாற்றில் ஒரு பத்தி கிடைப்பதும் அரிது. எனினும், வென்றவர் கதையைப் பலர் எழுதுவர்; தோற்றவர் கதையை அவரே எழுதினால்தான் உண்டு. நம்மிடையே இப்பழக்கத்தின் பேருருவாக விளங்குபவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய குறிப்புகள் 1846-இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகளாயிற்று. அவரோ துய்ப்ளேயின் துபாஷ், ஆளுநர் மாளிகைக்குள் இருந்து எழுதியவர். பிக்ளருக்கு அந்த வாய்ப்பில்லை. கூலிக்கு மண் வெட்டியவரிடமும் ஓர் ஏடு இருந்தது என்பதே எனக்கு அவரிடம் பிடித்தது.

1898 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ மக்கள் பொன் கண்ட ஐம்பதாம் ஆண்டு விழாவைக் கொண்டாடினர். அன்று ஆலையில் இருந்தவருள் எஞ்சிய முதியோர் நால்வரை அழைத்துச் சிறப்புச் செய்தனர். பிக்ளரும் அசாரியா ஸ்மித்தும் அந்நால்வரில் அடக்கம். மார்ஷல் 1885-இலேயே வறுமையில் மறைந்துவிட்டார். பிக்ளர் 1900-இல் காலமானார்.