பேரைச் சொன்னால் வழி கிடைக்கும்

காஞ்சிபுரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஒரு நெசவாளரின் பேரை மட்டும் சொல்லி அவர் வீட்டைக் கேட்டுப் பாருங்கள். ‘பிள்ளையார்பாளையத்துல விசாரிங்க’ என்பார்கள். அங்கே போனால், ‘அந்தத் தெருமுனை டீக்கடையில கேளுங்க’. டீக்கடைக்காரர் வாசலையே காட்டிவிடுவார். ஊரின் எல்லா வீடும் தெரிந்த ஆள் யாருமில்லை. அடுத்து யாரைக் கேட்பது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இன்டர்நெட்டும் இப்படித்தான் விலாசம் தேடுகிறது. நமக்குப் பெயர் வேண்டும். கம்ப்யூட்டர்களுக்கு எண் வேண்டும்.

ஆரம்பத்தில் கதை வேறு. 1970-களில் அர்ப்பாநெட்டின் பெயர்கள், எண்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு அதைக் கவனித்துக்கொண்டது. புதுக் கம்ப்யூட்டர் வந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும். மற்ற எல்லோரும் அந்த ஃபைலைக் காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர்கள் பெருகின. ஊர் மொத்தத்துக்கும் ஒரே கணக்குப்பிள்ளை, ஒரே நோட்டு என்றால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

1983-ல், ஜான் போஸ்டல் கேட்டுக்கொண்டதால், பால் மொக்கபெட்ரிஸ் அந்த நோட்டைப் பேட்டை பேட்டையாகப் பிரித்துக் கொடுத்தார். உச்சியில் உள்ளவருக்கு ‘.இன்’ யார் பொறுப்பு என்று தெரியும். அவருக்கு அடுத்தவரைத் தெரியும். இதுதான் டி.என்.எஸ்.

அதே 1983-ல் பெர்க்லியின் யூனிக்ஸில் ‘கெட்ஹோஸ்ட்பைநேம்’ என்றொரு ஃபங்ஷன் வந்தது. பெயரைக் கொடுத்தால் எண் வரும். முதலில் பழைய நோட்டைப் புரட்டியது, பிறகு டி.என்.எஸ்ஸை விசாரிக்கக் கற்றுக்கொண்டது. பைத்தான் மொழியின் ‘சாக்கெட்’ மாட்யூலில் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. ஒரே வரி போதும்.

ஆனால், டீக்கடைக்காரர் வேண்டுமென்றே வேறு வாசலைக் காட்டினால்? 2008-ல் டான் கமின்ஸ்கி என்ற அமெரிக்கர், டி.என்.எஸ்ஸுக்குள் பொய் விலாசத்தை எத்தனை சுலபமாக நுழைக்கலாம் என்று கண்டுபிடித்தார். பட்டுக்கடையின் பேரைச் சரியாக டைப் அடித்தும், பணம் எவனோ ஒருவனிடம் போய்ச் சேரும்! பெரிய கம்பெனிகள் ரகசியமாகக் கூடி ஓட்டையை அவசரமாக அடைத்தன. 2010-ல் டி.என்.எஸ்ஸின் உச்சியிலேயே டிஜிட்டல் கையெழுத்து வந்தது.

பட்டுச்சேலையில் சில்க் மார்க் சீட்டு மாதிரிதான் இதுவும். சீட்டு ஒட்டினால் மட்டும் போதாது, பார்த்து வாங்கவும் வேண்டும். கையெழுத்தில்லாத பெயர்கள் இன்றும் ஏராளம். அந்த ஒரு வரி ஃபங்ஷனோ எண்ணை மட்டும் நீட்டுகிறது. சீட்டு இருந்ததா என்று அது சொல்வதில்லை.