அயோத்திதாசர் என்னும் வரலாற்றாசிரியர்: ஆக்கங்களும் மேற்கோள் தடமும்

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சமூகப் போராளியாகவும் தமிழ்ப் பௌத்த மறுமலர்ச்சியின் முன்னோடியாகவும் இன்று அறியப்படுகிறார். வரலாற்றாசிரியர் என்னும் தகுதி மட்டும் அவருக்குத் தயக்கத்தோடே வழங்கப்படுகிறது. அவருடைய எழுத்து எப்போது, எவரால் மேற்கோள் காட்டப்பட்டது என்று பார்த்தால் அத்தயக்கத்தின் காரணம் விளங்கும்.

ஆக்கங்கள்

1907 ஜூன் 19 அன்று சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழை அவர் தொடங்கினார். ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ எனப் பெயர் மாறிய அவ்விதழை இறக்கும்வரை நடத்தினார். ‘இந்திரர் தேச சரித்திரம்’ அதில் தொடராக வெளிவந்தது. ‘யதார்த்த பிராமண வேதாந்த விவரம்’, ‘வேஷ பிராமண வேதாந்த விவரம்’, ‘புத்தரது ஆதிவேதம்’ ஆகியனவும் முதன்மையானவை. இலக்கியம், நிகண்டு, வாய்மொழி வழக்கு ஆகியவையே அவருடைய சான்றுகள்.

இனமும் சாதியும்

காலனிய அதிகாரி ரிஸ்லி மூக்கின் அளவைக் கொண்டு சாதியை இனமாக வகைப்படுத்திய காலம் அது. அயோத்திதாசர் காரணத்தை உடலில் தேடாமல் வரலாற்றில் தேடினார்: பௌத்தர்களாயிருந்தோர் சமயப் பகையால் தாழ்த்தப்பட்டனர் என்பது அவர் முடிபு. சாதி இனப் பிரிவினையன்று என 1936இல் வாதிட்ட அம்பேத்கர், தீண்டப்படாதோர் முன்பு பௌத்தராயிருந்தனர் என்ற கருத்தை 1948இல் தம் நூலில் முன்வைத்தார். அந்நூலில் ‘தமிழன்’ சுட்டப்படவில்லை.

மேற்கோள் தடம்

அயோத்திதாசரின் மறைவுக்குப் பின் கோலார் தங்கவயல் பௌத்தர்கள் அவருடைய நூல்களை மறுபதிப்பித்தனர். அன்பு பொன்னோவியம் பழைய இதழ்களைப் பாதுகாத்தார். கல்விப்புலமோ நெடுங்காலம் மௌனம் காத்தது. வ. கீதா, எஸ்.வி. ராஜதுரை ஆகியோரின் ஆய்வுகளும், ஞான. அலாய்சியஸின் 1998ஆம் ஆண்டு ஆங்கில நூலும் அம்மௌனத்தைக் கலைத்தன. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ முதலிரு தொகுதிகளைப் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்டது. மூன்றாம் தொகுதி 2003இல் வந்தது. மூல எழுத்து பரவலாகக் கைக்கு எட்டுவதற்கே 85 ஆண்டுகள் ஆயின.

அதன்பின் இவ்வாய்வின் முக்கியக் களங்களுள் ஒன்றாக மதுரை அமைந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் டி. தருமராஜ் ‘அயோத்திதாசர்: பார்ப்பனர் முதல் பறையர் வரை’ நூலையும், அமெரிக்கன் கல்லூரியின் ஸ்டாலின் ராஜாங்கம் ‘அயோத்திதாசர்: வாழும் பௌத்தம்’, ‘பெயரழிந்த வரலாறு’ ஆகிய நூல்களையும் எழுதினர். இவை தமிழிலேயே நிகழ்ந்த விவாதங்கள். ஸ்கோப்பஸ் போன்ற தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களையே கணக்கிடுவதால், சிறுபத்திரிகையிலும் தமிழ்ப் பதிப்பகங்களிலும் வெளியாகும் ஆய்வு அவ்வெண்ணிக்கைக்குள் வருவது அரிது. அயோத்திதாசரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை எண்ணப்படும். அவருடைய ‘தமிழன்’ எண்ணப்படாது. அவ்வெண்ணிக்கையே பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் அளவுகோலாகும்போது, தமிழில் எழுதும் தலித் ஆய்வாளர் நேரடியாக இழப்புக்குள்ளாகிறார்.

மாணவர் செய்யத்தக்கது

சான்றாவணமாகக் குறியிடப்படாத ஆவணம், எத்துணை உண்மையானதாயினும், வழக்கில் எடைபெறாது. வரலாற்றிலும் அடிக்குறிப்பே அக்குறியீடு. எனவே ஆய்வேட்டில் அயோத்திதாசரைப் பிறர் வழியாகச் சுட்டாமல், இதழின் நாள், தொகுதி, பக்கம் ஆகியவற்றோடு மூலத்திலிருந்தே சுட்ட வேண்டும். அவருடைய சொல்லாராய்ச்சி முடிபுகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. மறுக்குமிடத்தில் காரணங்காட்டி மறுக்கலாம். மறுப்பும் மேற்கோளே. ஓர் அறிஞரை வரலாற்றிலிருந்து அகற்றுவது மறுப்பன்று, மௌனமே.