ஒரு கோடிச் சீட்டுகளுக்குள் ஓர் ஆட்டக்காரி

ஷீலா டாவ்ரேயைப் பற்றிக் குறிப்பெடுக்கப் போன இடத்தில்தான் இந்தத் தேடல் என்னைப் பற்றிக்கொண்டது. பர்பணியிலிருந்து பதினெட்டு வயதில் புணேவுக்கு வந்து, 1988-இல் இந்த ஊர்த் தெருக்களில் ஆட்டோ ஓட்டத் தொடங்கியவர் அவர். 2018 ஜனவரி 20 அன்று, தத்தம் துறையில் முதல் அடி வைத்த 112 பெண்களைக் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அழைத்துப் பெருமைப்படுத்தினார்கள். ஏற்பாடு, மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம். விருந்தினர் பட்டியலில் டாவ்ரேயின் பெயரைச் சரிபார்க்க விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். பாதியில் ஒரு பெயரில் விரல் நின்றது. முஸ்கான் சேத்தி, டெல்லி. தொழில்: போக்கர்.

ஆட்டோ ஓட்டும் பெண்ணுக்கு உரிமம் இருக்கிறது, பேட்ஜ் இருக்கிறது. விமானிக்கும் வக்கீலுக்கும் பதிவேடு உண்டு. சீட்டாடிப் பிழைக்கும் பெண்ணை 'முதல்' என்று எந்த ஏட்டைப் பார்த்துச் சொல்வது? அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். புணேவில் இருந்துகொண்டு இதற்கு விடை தேட முடியும் என்று அன்று நான் நினைக்கவில்லை.

எளிதாகக் கிடைத்த தடயம் போட்டி முடிவுகள். போக்கர் போட்டிகளில் யார் எத்தனையாவது இடம், எவ்வளவு பரிசு என்பது பொதுவில் பதிவாகிறது. அந்த வழியில் போனால் அதே 2018-இல் இன்னொரு டெல்லிப் பெண் நிற்கிறார். நிகிதா லூத்தர். லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரில், 1,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட அணிப் போட்டியில், ஜெர்மனியின் ஜூசெப்பே பாந்தலேயோவோடு சேர்ந்து விளையாடினார். கூட்டாளிகள் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து ஆட வேண்டிய போட்டி அது. 1,032 அணிகள். எல்லோரையும் தாண்டி இவர்கள் வென்றது 1,75,805 டாலரும், வெற்றியாளருக்கு மட்டும் கிடைக்கும் தங்கக் கைவளையும். அந்தக் கைவளையை அணிந்த முதல் இந்தியப் பெண் நிகிதா.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும். 52 சீட்டில் கையில் வரக்கூடிய ஜோடிகள் 1,326. இரண்டும் ஏஸாக வருவது 221 முறைக்கு ஒருமுறைதான். ஆகவே நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பது தொழில் ஆகாது. எதிராளி எவ்வளவு கட்டுகிறார், எப்போது தயங்குகிறார், மேசை நடுவில் சேர்ந்திருக்கும் பணத்துக்கு இந்தத் துணிவு தகுமா என்று ஒவ்வொரு கையிலும் கணக்குப் போட்டு, பெரும்பாலான கைகளை ஆடாமலேயே மடித்துவிடுவதுதான் தொழில். ஆடுபவர்கள் இதற்கு 'ஃபோல்ட்' என்பார்கள். தோல்வியின் ஆத்திரத்தில் கணக்கை மறந்து ஆடுவதற்கு 'டில்ட்' என்று பெயர். கையிருப்பு முழுவதற்கும் 'பேங்க்ரோல்'. அதில் சிறு பங்கைத் தாண்டி ஒரே மேசையில் வைப்பவர் இந்தத் தொழிலில் நீடிப்பதில்லை. இந்த மூன்று சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறொரு சபைக்குப் போகும்போது தேவைப்படும்.

2018-க்கு முன்னால் யார் என்று பின்னோக்கிப் போனால் சட்டப் புத்தகங்கள்தான் வருகின்றன. மகாராஷ்டிரத்தில் இன்றும் நடப்பில் இருப்பது 1887-ஆம் ஆண்டின் பம்பாய்ச் சூதாட்டத் தடுப்புச் சட்டம். திறமையே முதன்மையான ஆட்டங்களுக்கு அது பொருந்தாது என்று 13-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. 1968-இல் செகந்தராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும் எதை வைத்திருப்பது, எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதும் திறமை என்று சொல்லி, ரம்மியை உச்ச நீதிமன்றம் அந்தப் பக்கம் சேர்த்தது. மேற்கு வங்கத்தின் 1957 சட்டம் போக்கரைப் பெயர் சொல்லியே விலக்கியது. காஸினோக்களுக்கென்று மகாராஷ்டிரம் 1976-இல் ஒரு சட்டம் இயற்றி, அதை ஒருநாளும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் 2023-இல் ரத்து செய்தது. எனவே புணேக்காரர் பெரிய மேசையில் உட்கார வேண்டுமானால் கோவாவுக்குப் போய் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் ஏற வேண்டும். இந்தக் காகிதங்களில் எல்லாம் ஆட்டம் இருக்கிறது, விடுதி இருக்கிறது, அபராதம் இருக்கிறது. ஆடுபவள் இல்லை.

அப்போதுதான் தேடும் இடத்தை மாற்றினேன். வழக்கில் சிக்கியவளைத் தேடாமல் சொல்லைத் தேடினால் என்ன? 'நன்றாகச் சூதாடத் தெரிந்தவள்' என்று ஒரு பெண்பாற் சொல் நம் பழைய மொழிகளில் இருந்தால், அப்படி ஒருத்தியை மனிதர்கள் நினைத்தாவது பார்த்திருக்கிறார்கள்.

சொல்லைத் தேடுவதற்கு இந்தியாவில் புணேவின் எரவடாவை விட நல்ல இடம் கிடையாது. அங்கே தக்காணக் கல்லூரியில் 1948-இல் எஸ்.எம். கத்ரே தொடங்கிய சமஸ்கிருதப் பேரகராதிப் பணி இன்னும் நடக்கிறது. ஏறத்தாழ 1,500 நூல்களைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லையும் அது வரும் இடத்தோடு ஒரு காகிதச் சீட்டில் எழுதி இழுப்பறைகளில் அடுக்கியிருக்கிறார்கள். சுமார் ஒரு கோடிச் சீட்டுகள். முதல் தொகுதி 1976-இல் வந்தது. அச்சானவை இன்னும் 'அ' என்ற முதல் எழுத்தைத் தாண்டவில்லை. அவசரப்படாத அந்த உழைப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சூதுக்காய்க்கு உரிய சொல் 'அக்ஷ'. 'அ'-வில் தொடங்குவதால் அது அச்சேறிவிட்டது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மேற்கோள் மேற்கோளாகப் போனவன் அதர்வ வேதத்தின் நான்காம் காண்டத்தில், 38-ஆம் பாடலில் போய் இறங்கினேன். ஓர் அப்சரஸை ஆட்டக்களத்துக்கு அழைக்கும் பாடல். அவளுக்கு அங்கே ஒரு பட்டம் கொடுத்திருக்கிறார்கள்: சாதுதேவினீ. நன்றாக ஆடுகிறவள், ஆட்டத்தில் கைதேர்ந்தவள்.

அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் அழகை அந்தப் பாடல் முதலில் பாடவில்லை. எதிர்ப்பை உடைப்பவள், வெல்பவள், பந்தயத்தில் 'கிருத'த்தைக் கைப்பற்றுபவள் என்று தொழிலைத்தான் சொல்கிறது. கிருதம் என்றால் என்ன என்பதை ஹைன்ரிஷ் லூடர்ஸ் 1907-இல் பழைய இந்தியச் சூதாட்டத்தைப் பற்றி எழுதிய நூலில் விளக்கினார். அன்றைய ஆட்டக்காய், ஆறு முகப் பகடை அல்ல. திரிபலா சூரணத்தில் சேருமே, அந்தத் தான்றிக்காய். குவியலிலிருந்து அள்ளிய காய்களை நான்கு நான்காகக் கழிக்க வேண்டும். மிச்சம் இல்லாவிட்டால் கிருதம், வெற்றி. மூன்று மிஞ்சினால் திரேதம், இரண்டு துவாபரம், ஒன்று கலி. நாம் யுகங்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள் ஆட்டக்களத்தின் பெயர்கள். ஒரு பார்வையில் எண்ணிக்கையைப் பிடிக்கும் கண்தான் அங்கே திறமை. நளன் கதையில் இருதுபன்னன் தான்றி மரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்வானே, அது இந்தக் கண்தான். நளனிடம் இல்லாமல் போய், பிறகு அவன் கற்றுக்கொண்டதும் அதுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். அதே பாடலில் அவளுடைய களிப்போடு துயரமும் சினமும் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. டில்ட் என்று இன்றைய மேசையில் அஞ்சுகிறார்களே, அதை அந்தப் பாடலாசிரியர் அறிந்திருக்கிறார்.

அப்சரஸ் தேவமகள்தானே, மனுஷி இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். காணாத திறமையைத் தேவமகள் கையில் யாரும் கொடுப்பதில்லை என்பது என் துணிபு. அதற்குத் துணையாகக் காமசூத்திரம் பெண்கள் கற்க வேண்டிய 64 கலைகளில் சூதாட்ட வகைகளையும் காயாட்டத்தையும் சேர்த்திருக்கிறது. இந்த மகாராஷ்டிரத்திலேயே, எல்லோராவின் பாறையில் சிவனோடு பார்வதி காயாடிக்கொண்டிருக்கிறாள். புணேவுக்குத் தென்கிழக்கே ஜெஜுரியில் கண்டோபா தெய்வமும் அவர் மனைவி மாள்சாவும் சாரிபாட் என்னும் காயாட்டம் ஆடிய கதை இன்றும் பாடப்படுகிறது. தோற்றவர் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று பந்தயம். தோற்றது கண்டோபா. ஆடு மேய்ப்பவனாகப் போய்த் தன் இன்னொரு மனைவியான பாணாயியைச் சந்தித்தது அதன் பிறகுதான். வேண்டுமென்றே தோற்றார் என்பார்கள் பக்தர்கள். மாள்சா நன்றாக ஆடினாள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் திரௌபதியிடம் போகாமல் இருக்க முடியாது. அதற்கும் புணேதான் வழி. பண்டார்க்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் 1919-இல் தொடங்கி 1966-இல் முடித்த மகாபாரதச் செம்பதிப்புக்கு 1,259 சுவடிகளைப் பார்த்திருக்கிறார்கள். ஒப்புநோக்கும் வேலையில் ஒரு பகுதி நம் தஞ்சை சரசுவதி மகாலில் நடந்தது. சூதாட்டம் வரும் சபா பர்வத்தை 1944-இல் ஃபிராங்க்ளின் எட்ஜர்டன் பதிப்பித்தார். கூத்திலும் வில்லிபுத்தூராரிலும் பாரதியின் பாஞ்சாலி சபதத்திலும் நாம் கண்ணீரோடு காத்திருக்கும் இடம், அவள் கண்ணனை அழைக்கும் இடம், செம்பதிப்பின் மூலத்தில் இல்லை. பழைய சுவடிகளின் சான்று போதாதென்று அது அடிக்குறிப்புக்குப் போய்விட்டது.

பக்தியோடு வளர்ந்த எனக்கு முதல் வாசிப்பில் அது வலித்தது. ஆனால் அந்தப் பகுதி விலகிய இடத்தில் அவளுடைய கேள்வி தனியாக, பெரிதாக நிற்கிறது. அழைக்க வந்த தேரோட்டியைத் திருப்பி அனுப்பி, சபையில் இருக்கும் சூதாடியைக் கேட்டு வரச் சொல்கிறாள்: முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னை இழந்துவிட்டவனிடம் பந்தயம் வைக்க ஏது பொருள்? ஆட்டத்தின் விதி தெரிந்தவள் கேட்கும் கேள்வி இது. பீஷ்மரால் விடை சொல்ல முடியவில்லை. துரியோதனன் தம்பி விகர்ணன் அதையே பிடித்து வாதாடுகிறான். இவளைப் பந்தயமாக வைக்கும்படி பெயர் சொல்லித் தூண்டியதே சகுனிதான் என்றும் சேர்த்துச் சொல்கிறான்.

தருமன் செல்வத்தை வைத்தான், நகுலனை, சகாதேவனை, அருச்சுனனை, வீமனை வைத்தான், தன்னை வைத்தான். பேங்க்ரோல் என்ற எண்ணமே இல்லாத ஆட்டம். அதன்பின் திருதராட்டிரன் திரௌபதிக்கு வரம் தருகிறான். முதல் வரத்தில் தருமனை விடுவித்தாள். இரண்டாவதில் மற்ற நால்வரையும் ஆயுதங்களோடும் தேர்களோடும் மீட்டாள். மூன்றாவது வரத்தையும் கேள் என்றபோது மறுத்துவிட்டாள். பேராசை அறத்தைக் கெடுக்கும், இரண்டோடு நிறுத்துகிறேன் என்றாள். அந்த மண்டபத்தில் எப்போது மேசையை விட்டு எழ வேண்டும் என்று அறிந்திருந்த ஒரே ஆள் அவள். பாதி வழியில் திரும்ப அழைத்ததும் தருமன் மறுபடி போய்க் காயை எடுத்தான்.

இத்தனை நாளும் நாம் அவளைப் பந்தயப் பொருளாகவே படித்துவந்திருக்கிறோம். நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் பிறருக்குச் சொல்லியும் கொடுத்தேன். அதற்காக வருந்துகிறேன்.

முஸ்கான் சேத்தியும் நிகிதா லூத்தரும் பெயர் பெற்ற பிறகு சட்டம் பல முறை புரண்டது. தமிழ்நாட்டின் 2022 சட்டம் இணைய ரம்மியையும் போக்கரையும் தடுத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைத் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அந்தத் தடையை நீக்கியது. 2025 ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அத்தனையையும் தடை செய்தது. இணைய ஆட்டத்தில் பணமிழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைப் படித்தவர்கள் அந்தத் தடையின் நோக்கத்தைப் பழிக்க மாட்டார்கள். நானும் பழிக்கவில்லை. வீட்டிலிருந்தபடியே சிறு தொகையில் கற்று மேலேறும் படி இளம் ஆட்டக்காரிகளுக்கு அதோடு போயிற்று என்பதையும் குறித்து வைக்கிறேன்.

உலக மேசையிலும் அவர்கள் கூட்டம் சிறிதுதான். உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 1995-இல் பார்பரா என்ரைட் இறுதி மேசைக்கு வந்து ஐந்தாவதாக முடித்தார். அடுத்து ஒரு பெண் அந்த மேசையில் உட்கார 2025 வரை முப்பது ஆண்டுகள் ஆயின. அவர் ஸ்பெயினின் லியோ மார்கெட்ஸ்.

போன மாதம் மறுபடி எரவடாவுக்குப் போயிருந்தேன். அகராதி 'அ'-விலேயே இருக்கிறது. சாதுதேவினீ 'ஸ'-வில் தொடங்கும் சொல், நெடுங்கணக்கின் கடைசிக்கு முந்திய எழுத்து. அவளுடைய முறை வரும்போது நான் இருக்க மாட்டேன். திரும்பி வந்து என் குறிப்பேட்டின் அளவுக்கு ஒரு சீட்டு வெட்டி, அவர்கள் எழுதும் முறையிலேயே எழுதினேன். மேலே சொல், அதன் கீழே அதர்வ வேதம் 4.38, பொருள்: நன்றாக ஆடுகிறவள். பிற்கால வழக்கு என்ற இடத்தில் நிகிதா லூத்தர், லாஸ் வேகாஸ், 2018 என்று சேர்த்து, ஷீலா டாவ்ரேயின் பக்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.