குழந்தைக் குளிப்பு நீரின் வெப்பநிலை

குழந்தைக் குளிப்பு நீரின் வெப்பநிலை என்பது பச்சிளங் குழந்தைகளையும் கைக்குழந்தைகளையும் குளிப்பாட்டப் பயன்படும் நீரின் சூட்டளவைக் குறிக்கும். மனித உடல் வெப்பநிலையை ஒட்டிய 37 முதல் 38 பாகை செல்சியசு வரையான சூடே பொருத்தமானதாகக் கொள்ளப்படுகிறது. வெந்நீரில் தண்ணீர் கலந்து பதமாக்குவது தமிழில் விளாவுதல் எனப்படும். சூலூர் உள்ளிட்ட கொங்கு வட்டாரத்தில் குளிப்பாட்டுவதைத் தண்ணீர் வார்த்தல் என்றும் கூறுவர்.

சூடு மிகுந்தால்

சுடுநீர்ப் புண்ணின் கடுமை, நீரின் சூட்டையும் அது தோலில் படும் நேரத்தையும் சார்ந்தது. 1947 இல் மோரிட்சு, என்ரிக்கசு என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தொடர்பை அளந்தனர். 49 பாகை நீர் வளர்ந்தவரின் தோலை ஆழமாகப் புண்ணாக்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. 60 பாகையில் ஏறத்தாழ 5 நொடிகளே போதும். குழந்தையின் தோல் மெல்லியது ஆதலால் இந்நேரம் இன்னும் குறையும். விலகி எழவும் குழந்தையால் இயலாது. அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலம் 1983 இல், புதிய வீட்டு வெந்நீர்க் கலன்களை 49 பாகைக்கு அமைத்தே விற்க வேண்டும் எனச் சட்டம் இயற்றியது.

சூடு குறைந்தால்

பச்சிளங் குழந்தையின் உடல் வெப்பநிலை 36.5 பாகைக்குக் கீழே இறங்குவது உடல் குளிர்தல் எனப்படும். எடை குறைந்த குழந்தைகளுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். இதனால் பிறந்து 24 மணி நேரம் கழிந்த பின்னரே முதற் குளிப்பு நடைபெற வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. வழக்கம் கருதி அவ்வாறு இயலாவிடில் 6 மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

நீர் சரியாக இருந்தாலும் காற்று கெடுத்துவிடும். ஈர உடலில் இருந்து நீர் ஆவியாகும்போது வெப்பமும் உடன் செல்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் பலத்த காற்று வீசும் கோவைப் பகுதியில் இது கவனிக்கத்தக்கது. திறந்த வாசலில் குளிப்பாட்டுவதைவிடக் கதவடைத்த அறை நல்லது. குளித்தவுடன் தலையை முதலில் துவட்ட வேண்டும்.

விளாவும் முறை

பாத்திரத்தில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதன் பின்னரே வெந்நீரைச் சேர்க்க வேண்டும். குழாய் நீர் 26 பாகையில் இருப்பின், ஒரு சொம்பு கொதிநீருக்கு ஐந்து சொம்பு தண்ணீர் கலந்தால் ஏறத்தாழ 38 பாகை கிடைக்கும். தண்ணீர் 22 பாகைக்குக் குளிர்ந்துவிடும் மார்கழி விடியலில் அதே கலவை 35 பாகையே தரும். கலன் வெந்நீர் 60 பாகை எனில் அதன் ஒரு பங்குக்கு 26 பாகைத் தண்ணீர் இரு பங்கு போதும். ஆகவே சொம்புக் கணக்கை மட்டும் நம்புதல் ஆகாது.

சூடான நீர் மேலே நிற்கும் ஆதலால் நன்கு கலக்கிய பின்னரே சோதிக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிடில் முழங்கை அல்லது மணிக்கட்டின் உட்புறத்தால் சோதிக்கலாம். அடுப்படியில் பழகிய உள்ளங்கை தடித்தது. அதற்கு இதமாகத் தோன்றும் நீர் குழந்தைக்குச் சுடலாம். பேறு கண்ட தாய்க்கு வேப்பிலை, நொச்சி இட்டுக் காய்ச்சும் நீர் வேறு, குழந்தைக்கான நீர் வேறு. ஒரே அண்டாவில் இருந்து மொள்ளும் வீடுகளில் இக்குழப்பம் எளிதில் நேரும்.

மாடிகளில் உள்ள சூரிய வெந்நீர்க் கலன்களில் வெயில் நாளில் நீர் 60 பாகையைத் தாண்டுவதுண்டு. குழாயில் தங்கிய குளிர்ந்த நீர் முதலில் வந்து, பின்னர் திடீரெனக் கொதிக்கும் நீர் வரும். எனவே குழந்தையைக் குழாயின் கீழ் நேரடியாகப் பிடிக்கலாகாது. குழந்தை தொட்டியில் இருக்கும்போது வெந்நீர் சேர்ப்பதும், அதைத் தனியே விட்டு எழுவதும் கூடாதவை. சில அங்குல நீரும் மூழ்கப் போதுமானது.

முதலுதவி

சுடுநீர் பட்டால் உடையைக் களைந்து, புண்பட்ட இடத்தில் மட்டும் 20 நிமிடங்கள் குளிர்ந்த குழாய் நீரை ஓடவிட வேண்டும். உடலின் பிற பகுதிகளைத் துணியால் போர்த்திக் காக்க வேண்டும். பனிக்கட்டி வைத்தல் தவறு. பேனா மை, பற்பசை, இட்லி மாவு ஆகியவற்றைப் பூசும் வழக்கம் புண்ணை மறைத்து, கிருமித் தொற்றுக்கும் இடம் தருகிறது. கைக்குழந்தையின் சுடுநீர்ப் புண் சிறிதாயினும் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 108 எண்ணில் அவசர ஊர்தி கிடைக்கும்.